வருகைப் பதிவில் முதல் பெயர்

வ. புதுப்பட்டி
15.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குன்னூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டம்மா இப்போதாவது கஞ்சி குடிக்கிறார்களா?

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், நடுவில் அந்த அம்மா முழித்துக்கொள்வார்கள், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ சட்டம் போட்டாய். சரி, எழுதுகிறேன். பிறகு நீளமாக இருக்கிறது என்று திட்டாதே.

வேலை கிடைத்துவிட்டது! ஸ்ரீவில்லிபுத்தூரில், இராஜபாளையம் ரோட்டில் இருக்கிற மலையடிவாரச் சமுதாயக் கல்லூரி. நர்ஸ் உதவியாளர் பிரிவுக்கு நான்தான் டீச்சர். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், மில்லுக்குப் போய் அலுத்தவர்கள், கைப்பிள்ளையோடு வருகிறவர்கள் எல்லாரும் இங்கே படிக்கலாம். முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டிடம். மணமேடையில் நாலு கட்டில் போட்டு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பந்தி ஹாலில் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. கை கழுவுகிற இடத்தில் எங்கள் டிரேயும் கத்தரியும் கழுவுகிறோம்.

இனிமேல்தான் விஷயமே. முதல் நாள் பிரேயரில் ரத்தினம் ஐயா வருகை எடுத்தார். கல்லூரியை ஆரம்பித்தவர் அவர்தான். "ஒண்ணு, இருளம்மாள்" என்றார். அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். செத்த நேரம் வாசலைப் பார்த்துவிட்டு "வரலை" என்று சொல்லி இரண்டாம் நம்பருக்குப் போனார். மறுநாளும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை, போய்க் கேட்டேன்.

"புதுப்பட்டி மாரிசாமி மகம்மா. இந்தக் காலேஜுல மொத மொத பேரு குடுத்த புள்ளை. வீட்டுல விடலை, வரவே இல்லை. அதான் எந்த பேட்ச் வந்தாலும் ஒண்ணாம் நம்பரை யாருக்கும் குடுக்கதில்லை. தெனமும் கூப்பிடுவேன்" என்றார்.

அக்கா, அது நீ! எனக்கு அப்போது ஐந்து வயது, ஒன்றும் தெரியாது. நீயாவது சொல்லியிருக்கலாமே? இருபத்து நாலு வருஷமாக ஒரு மனுஷர் உன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் உன் தங்கை என்று அவரிடம் சொல்லட்டுமா? உடனே பதில் போடு. உடனே என்றால் உடனே.

உன் அன்புத் தங்கை,
சத்யா


குன்னூர்
6.7.2025

அன்பு சத்யாவுக்கு,

இருளம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். வீட்டம்மா கஞ்சி குடிக்கிறார்கள், ஆனால் நான் ஊட்டினால்தான். அவர்கள் மகன் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. அதற்கு என் மேல் அவருக்குக் கோபம்.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். காலையில் சாப்பிடாமல் ஓடாதே. பாடம் நடத்தும்போது பேச்சைக் குறை, உனக்கு மூச்சு வாங்கும். அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. தைலத்தைச் சூடு காட்டித் தேய்க்கச் சொன்னேனே, தேய்க்கிறாயா?

இங்கே ஒரு குடைச்சல். கோயம்புத்தூர் ஏஜென்சியில் இருந்து ஆள் வந்தார். அடுத்த ஜூலைக்குள் நர்ஸ் உதவியாளர் சான்றிதழ் காட்டவேண்டுமாம். இல்லாவிட்டால் நோயாளியைத் தொடக்கூடாது, சமையல், பாத்திரம் என்று மாற்றிவிடுவார்களாம். பதினாறு வருஷமாக ஆட்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கு இனிமேல் பாத்திரம். பார்ப்போம்.

அந்தக் கை கழுவுகிற இடத்தில் மூலைக் குழாயைத் திறக்காதே. திறந்தால் அடைக்க வராது, தரையெல்லாம் தண்ணீர் ஓடும். பிள்ளைகள் வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
அக்கா


வ. புதுப்பட்டி
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். தைலம் தேய்க்கிறேன், அம்மா சாட்சி. வீட்டம்மாவை விசாரித்ததாகச் சொல்.

நான் நாலு பக்கம் எழுதிக் கேட்டதற்கு நீ மூலைக் குழாயைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய். நல்லா இருக்கே! அது கிடக்கட்டும், அந்தக் குழாய் கெட்டது உனக்கு எப்படித் தெரியும்? நேற்றுதான் பிளம்பர் வந்து, "இது ஆதியிலேயே இப்படித்தாம்மா, மண்டபம் கட்டுன நாள்ல இருந்து சரியில்லை" என்றார்.

சான்றிதழ் விஷயத்தைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். அழவேண்டிய விஷயத்துக்குக் குதிக்கிறாளே என்று நினைக்காதே. ஜனவரியில் எங்களிடம் ஆறு மாத பேட்ச் ஆரம்பம். வயது வரம்பு இல்லை. வந்து சேர், ஜூலைக்குள் சான்றிதழ் உன் கையில். என்னிடமே படிக்கலாம். உனக்கு நான் வீட்டுப்பாடம் கொடுப்பேன், யோசித்துப் பார்!

இன்னொன்று. கல்லூரிக்கு இது இருபத்தைந்தாம் வருஷம். மலர் போடுகிறோம். கல்லூரி வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். இந்தக் கல்லூரிக்குக் கால் ஒரு இடத்தில் நின்றதே இல்லை அக்கா. 2001 ஜூலையில் இதே மண்டபத்தில் ஆரம்பித்தார்களாம். பிறகு அரிசி மில் குடோன், அப்புறம் கூட்டுறவு பேங்க் மாடி, அப்புறம் படம் ஓடாமல் பூட்டிக் கிடந்த தியேட்டர். தியேட்டரில் மெக்கானிக் வகுப்பு நடந்தபோது டிக்கெட் கேட்டு ஆள் வந்ததாம். கடைசியில் ஏசி மண்டபங்கள் வந்து இந்த மண்டபத்துக்குக் கல்யாணமே வராமல் போனபோது, ஐயா இதையே நீண்ட வாடகைக்குப் பிடித்துவிட்டார்.

மன்னித்துக்கொள், உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நான் யார் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டார். ஜனவரியில் விழா. மேடையில் ஒரு காலி நாற்காலி போடுவோம். ஐயா "ஒண்ணு, இருளம்மாள்" என்று கூப்பிடுவார். நீ கூட்டத்துக்குள் இருந்து எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லி நடந்து வரவேண்டும். எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளிடம் அவர் உன்னைப் பற்றித்தான் பேசுவாராம். "அந்தப் புள்ளையை அப்பன் விடலை. உங்களையும் தடுப்பாவ. இருளம்மாள் மாதிரி வீட்டோட நின்னுறாதீய" என்று.

அப்பா ஏன் அக்கா உன்னை விடவில்லை? செத்துப்போன மனுஷர் மேல் கோபப்படக் கூடாதுதான். ஆனாலும் வருகிறது.

ஆவலோடு காத்திருக்கும்,
சத்யா


வ. புதுப்பட்டி
10.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஒரு மாதம் ஆகப்போகிறது. போன் அடித்தேன், கட் பண்ணுகிறாய். ஏஜென்சியில் கேட்டால் "நல்லாத்தான் இருக்காங்க" என்கிறார்கள். தபால்காரர் தெருவில் திரும்பினால் நான் வாசலுக்கு ஓடுகிறேன். "ஒங்களுக்கு இல்லம்மா" என்று தூரத்திலேயே கையை ஆட்டுகிறார்.

விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டும். ஐயா தினமும் கேட்கிறார். தினமும் உன் பேரைக் கூப்பிடுகிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு வரி எழுது.

சத்யா


குன்னூர்
24.8.2025

சத்யாவுக்கு,

நான் நலம். அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

விழாவுக்கு நான் வரமாட்டேன். அங்கே படிக்கவும் மாட்டேன். வேறு ஊரில் எங்காவது சேர்ந்துகொள்கிறேன். காலி நாற்காலி போடவேண்டாம். வருகைப் பதிவில் இருந்து என் பேரை வெட்டச் சொல். அதை மட்டும் செய், போதும்.

அப்பா விடவில்லை என்று இன்னொரு தடவை எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன்.

அக்கா


வ. புதுப்பட்டி
31.8.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. என்ன நெஞ்சழுத்தம் உனக்கு! ஒரு பெரியவர் மறக்காமல் உன் பேரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். நீ என்னவோ அவர் உன்னைத் திட்டியது மாதிரி வெட்டு, வெட்டு என்கிறாய். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று நீதானே எழுதினாய்? கோயம்புத்தூரில் தங்கிப் படிக்க இடத்துக்கு எங்கே போவாய்? இங்கே வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன். நாங்கள் என்ன அவ்வளவு கசந்துபோனோமா?

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"ஒங்கப்பன் விடலைன்னு எவன்டி சொன்னான்? அவளுக்குப் பை வாங்கிக் குடுத்து, பஸ்ஸுல ஏத்தி, கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிவிட்டு வந்த மனுசனையா? யாருட்டி சொன்னா?"

"அப்போ அவ ஏன்மா போகலை?" என்று கேட்டேன்.

"போகலையா?" என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அவகிட்டயே கேளு" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

கேட்கிறேன். என்ன நடந்தது அக்கா? சொல்லாவிட்டால் லீவு போட்டுவிட்டு குன்னூருக்கே கிளம்பி வந்துவிடுவேன். வீட்டம்மா முழித்துக்கொண்டாலும் சரி.

சத்யா


குன்னூர்
21.9.2025

அன்பு சத்யாவுக்கு,

நலமா? அம்மா நலமா? நீ இங்கே வரவேண்டாம். வீட்டம்மா இப்போது பக்கத்தில் தூங்குகிறார்கள். மழை பெய்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இதைக் கிழிக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தேறவில்லை. அந்த வருஷம்தான் அந்த ரத்தினம் சார் சைக்கிளில் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார். நம் தெருவில் முதலில் பேர் கொடுத்தது நான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடு என்றார். அப்பா நீலத்தில் ஒரு பை வாங்கிவந்தார். பஸ் ஏற்றிவிட்டார். வழியில் டயர் பஞ்சர், நான் போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிட்டது. தாமதமாகிவிட்டதே என்று பஸ் ஸ்டாண்டில் இருந்து ஓடினேன்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மேளச் சத்தம். காலேஜ் திறப்புவிழாவுக்கு இவ்வளவு ஜோராகச் செய்கிறார்களே என்று நான் நினைத்தேன் சத்யா. சிரிக்காதே. உள்ளே போனால் மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். மொய் எழுதுகிறவரிடம், "அண்ணே, காலேஜ் எங்க நடக்கு?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இங்கன கல்யாணம்லா நடக்கு! மாப்பிள்ளைகிட்ட வேணா போயி பாடம் கேளு" என்றார்.

பந்தி ஹாலில் இருப்பார்களோ என்று போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு அம்மா, "ஏட்டி, வேடிக்கை பாக்கவா வந்த? சாம்பார் வாளியை எடு, எலை காயுது" என்று ஒரு அதட்டல் போட்டாள். பரிமாற வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வாளியை எடுத்தேன். பந்தி முடிகிற வரைக்கும் ஊற்றினேன். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து நிமிரும்போது வாசலைப் பார்த்தேன், சார் வருவார், பிள்ளைகள் வருவார்கள் என்று. ஒருத்தரும் வரவில்லை. கை கழுவப் போனபோது அந்த மூலைக் குழாயைத் திறந்து, அடைக்கத் தெரியாமல் பாவாடையெல்லாம் நனைந்து, அதற்கும் திட்டு வாங்கினேன். போகும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பையில் இருந்து தேங்காயை எடுத்துப் பார்த்துவிட்டு, "காலேஜுல தேங்காயா தாயி குடுத்தாவ?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மறுநாள் விடியும் முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் மிதித்தார். மண்டபம் பூட்டியிருந்தது. வாழைமரம் கீழே கிடந்தது. எதிர்க்கடையில் கேட்டதற்கு, "காலேஜா? அப்படி எதுவும் இங்க இல்லையே" என்றார்களாம். திரும்பி வந்து, "ஏமாத்திப்புட்டானுவ. விடு தாயி" என்றார். அடுத்த வாரம் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடிக்கச் சேர்ந்தேன். கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டேன்.

அந்தக் காலேஜ் உண்மையிலேயே நடக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அங்கே படித்த ஒரு பெண் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். என் பேரையும் ஊரையும் கேட்டதும், "ஐயோ, அந்த வராத இருளம்மா நீங்கதானா?" என்றாள். கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் ஊருக்கும் வந்தது. அப்பா டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தன், "ஏன்வே, மகளைப் படிக்க விடாத ஆளு நீருதானாமே?" என்று கேட்டிருக்கிறான். அப்பா கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். சாகிற வரைக்கும் அந்தக் கடைக்குப் போகவில்லை.

நீ கொண்டாட்டம் என்கிறாயே, அதுதான் எனக்கு ஆத்திரம். முகம் தெரியாத பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் என் பேரைக் கேட்டு, நம்ம அப்பாவை ஒரு மாதிரியாக நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்? யாரிடம் போய் நான் சொல்வது? வந்தேன், ஆனால் சாம்பார் ஊற்றினேன் என்றா? உன் மலரில் வரலாறு எழுதுகிறாய் அல்லவா, இதை எழுதிக்கொள். அன்றைக்கு நான் வந்தேன். காலேஜ்தான் வரலை.

அக்கா


வ. புதுப்பட்டி
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவைப் பற்றி எழுதினேனே, அந்தக் கையை ஒடிக்கலாம் போல இருக்கிறது. அப்பா போட்டோவுக்கு முன்னால் நேற்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சனிக்கிழமை. பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற புரட்டாசிக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லை. தொங்கிக்கொண்டே போய் ஐயாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். முதலில், "இல்லையே, மண்டபத்துலதான ஆரம்பிச்சோம்?" என்றார். மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

மண்டபக்காரர் முந்தின நாள் ராத்திரி வந்து, திடீர் முகூர்த்தம், நாளைக்கு இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டாராம். ஐயா விடியற்காலையிலேயே பஸ் ஸ்டாண்டில் நின்று, வந்த பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பிடித்து அரிசி மில் குடோனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "எண்ணிப் பாத்தேன். ஒண்ணு கொறைஞ்சது. புதுப்பட்டிப் புள்ளை" என்றார்.

"கொஞ்சம் காத்திருக்கலாமே ஐயா?"

"பத்தரை வரைக்கும் நின்னேன்மா. பொறவு இனிமே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஊருக்கு வந்து கேட்டிருக்கலாமே?"

"வந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு. கம்பெனிக்குப் போயிட்டான்னு தெருவுல சொன்னாவ. வீட்டுக்குள்ள போயி ஒங்கப்பாவைக் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"காடு கரையில வேலை பாக்கவரு, பொம்பளைப் புள்ளையை எங்க படிக்க அனுப்புவாருன்னு நானே நெனைச்சுக்கிட்டேன். கேக்கவே வேண்டாம்னு தோணிட்டுது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், "அதை வச்சு இத்தனை வருஷமா பேசியிருக்கீங்களே" என்று சத்தம் போட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். திங்கட்கிழமை பிரேயரில் வருகை எடுக்கும்போது "ஒண்ணு" என்று ஆரம்பித்தார், உன் பேர் வரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "இத்தனை வருசமா ஒரு புள்ளை வரலைன்னு ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளை வந்திருக்கு. நான்தான் அந்த எடத்துல இல்லை. அவிய அப்பா பஸ் ஏத்திவிட்டிருக்காரு" என்றார். பிறகு மணமேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வருகை எடுக்கவே இல்லை.

உனக்குக் கடிதம் எழுத அனுமதி கேட்டார். சரி என்று சொல்லி இதோடு வைத்திருக்கிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நான் இனிமேல் உன்னை எதற்கும் அவசரப்படுத்த மாட்டேன். இதை எழுதும்போதே அவசரம் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

சத்யா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.10.2025

மதிப்பிற்குரிய இருளம்மாள் அவர்களுக்கு,

ரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பெயரை வெட்டச் சொன்னீர்கள். வெட்டிவிட்டேன். மேடையில் நாற்காலி போடும் யோசனையையும் விட்டுவிட்டோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் எழவில்லை. கேட்கவேண்டிய இரண்டு பேரில் ஒருவர் இல்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு புது பேட்ச் ஆரம்பம். அதே மண்டபம். தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அன்று பொழுது சாயும்வரை நான் வாசலில் இருப்பேன்.

ரத்தினம்


குன்னூர்
23.11.2025

அன்பு சத்யாவுக்கு,

அம்மாவும் நீயும் நலமா? நான் நலம். பதில் தாமதம். வீட்டம்மா போன மாதம் தவறிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டேதான் போனார்கள். அவர்கள் மகன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஏஜென்சி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றது. ஆறு மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், குதிக்காதே.

உங்கள் சாரிடம் சில விஷயம் சொல். ஒண்ணாம் நம்பரைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். யார் முதலில் வந்து பேர் கொடுக்கிறார்களோ அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல். எனக்குக் கடைசி நம்பர் போதும். விழாவில் என்னை எழுப்பிப் பேசச் சொன்னால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். மலரில் என்னைப் பற்றி ஒன்றும் எழுதாதே. அப்பா பேரைப் போட்டு, மகளைப் பஸ் ஏற்றிவிட்டார் என்று ஒரு வரி போடு. அந்த மலரில் ஒன்றை டீக்கடையில் கொண்டுபோய் வை. அந்த ஆள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

நீ எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

ஜனவரி ஐந்து எந்தத் தமிழ் மாதம் என்று காலண்டரில் பார்த்தேன். மார்கழி. ஊரில் ஒரு கல்யாணமும் இருக்காது. அதனால் நம்பி வருகிறேன்.

அப்பா வாங்கிக் கொடுத்த நீலப் பை அம்மாவின் பெட்டியில் அடியில் இருக்கும். எடுத்துத் துவைத்து வை. பஸ் ஸ்டாண்டில் நீயோ அந்த சாரோ வந்து நிற்கவேண்டாம். எனக்கு வழி தெரியும். ஒரு தடவை வந்திருக்கிறேன்.

அக்கா